பெட்ரோல் யார் வீட்டுக் காசு?

பாரிமுனையில் கிளம்பி அம்பத்தூர், தாம்பரம் என்று சொந்த மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார் விற்பனைப் பிரதிநிதி. தினம் 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிடைத்தாலும் 2 லிட்டர் பெட்ரோல். சென்னையில் 2021 ஜூலையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கே 25 நாளைக்கு 5 ஆயிரம் ரூபாய்! டயர், ஆயில், ரிப்பேர் தனி.

கேட்டால், "அதெல்லாம் சம்பளத்திலேயே அடங்கியிருக்கப்பா" என்கிறார் மானேஜர்.

மத்திய அரசு 2017-ல், வேறு ரேட் நிர்ணயிக்காத இடங்களில் சொந்த ஸ்கூட்டரில் டூர் போகும் ஊழியருக்குக் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று எழுதியே வைத்தது. தனியார் கம்பெனிகள் மட்டும் கைவிரிப்பது என்ன நியாயம்?

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வேலை உத்தரவிலேயே எழுதித் தரவேண்டும். விலை ஏறினால் படியும் ஏறவேண்டும். இது தர்மம் அல்ல, உழைப்பவரின் கைக்காசு!