சூறாவளி ஆடிய ஸ்நூக்கர்

கிளப்புக்குப் போகும் ஆண்பிள்ளைகள், வேளைக்கு வீடு திரும்பாமல் இருப்பதற்குச் சாக்காகக் கண்டுபிடித்த ஆட்டம்தான் ஸ்நூக்கர் என்று என் சிநேகிதி ஒருத்தி சொல்வாள். சரித்திரத்தைப் புரட்டினால் அவள் சொல்வது அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில், மழைக்காலத்தில் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள், பில்லியர்ட்ஸ் மேஜையில் கூடக் கொஞ்சம் கலர்ப் பந்துகளைப் போட்டுப் பார்த்ததில் பிறந்ததுதான் இது. அவர்களில் ஒருவரான நெவில் சேம்பர்லின் (பிரதம மந்திரியாக இருந்தவர் அல்ல, அவர் வேறு) பிற்பாடு நம் உதகமண்டலத்துக்கு வந்து சேர்ந்தார். ஊட்டி கிளப்பில்தான் ஆட்டத்தின் விதிகளை ஒழுங்காக எழுதி மாட்டினார்கள். ஆக, நீலகிரிக் குளிரில் வளர்ந்த பிள்ளை, பிழைக்கப் போன இடம் இங்கிலாந்து.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 12 அடி நீளம், 6 அடி அகலத்தில் பச்சைத் துணி போர்த்திய மேஜை. அதன் ஓரங்களில் ஆறு பைகள். சிவப்புப் பந்துகள் 15. ஒன்றுக்கு ஒரு புள்ளி. கலர்ப் பந்துகள் ஆறு. மஞ்சளுக்கு 2-இல் ஆரம்பித்துக் கறுப்புக்கு 7 வரையில் மதிப்பு. ஒரு சிவப்பு, ஒரு கலர், மறுபடியும் ஒரு சிவப்பு என்று பையில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கோல் தொடக்கூடியது வெள்ளைப் பந்தை மட்டுமே; அதுதான் போய் மற்றதை இடிக்க வேண்டும். பையில் தள்ளுவது பாதி வித்தை. இடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பது மீதிப் பாதி. குழம்பு கொதிக்கும்போதே பொரியலுக்குக் காய் நறுக்கி வைத்துக்கொள்கிறோமே, அந்தச் சாமர்த்தியம்தான்.

இதை ஆடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, நிச்சயமாக விழும் பந்தை மட்டும் அடித்து, சந்தேகம் வந்தால் வெள்ளைப் பந்தை ஒரு மூலையில் ஒளித்து வைத்துவிட்டு, எதிராளி தவறு செய்யட்டும் என்று காத்திருப்பது. கனடாவைச் சேர்ந்த கிளிஃப் தார்பர்ன் இந்த ரகம். அவருக்குப் பட்டப்பெயரே 'கிரைண்டர்'! இன்னொரு வழி, விழுமோ விழாதோ, அடித்துவிடுவது. அந்த வழியில் போனவர்களில் முதல்வர் பெல்ஃபாஸ்ட் நகரத்து அலெக்ஸ் ஹிக்கின்ஸ். அவருக்குச் 'சூறாவளி' என்று பெயர்.

பொருத்தமான பெயர். மெலிந்த உடம்பு, துறுதுறுவென்று அலையும் கண்கள், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத சுபாவம். அடிக்கும்போது உடம்பு அசையக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. ஹிக்கின்ஸோ அடிக்கிற அதே கணத்தில் தலையைத் தூக்கி, உடம்பையும் ஒரு குலுக்குக் குலுக்குவார். பந்து என்னவோ பையில்தான் விழும்! 1972-இல் பர்மிங்ஹாமில் ஒரு பட்டாளத்தார் சங்கக் கட்டடத்தில் நடந்த உலகப் போட்டியில் ஜான் ஸ்பென்சரை 37-32 என்ற கணக்கில் ஜெயித்தபோது அவருக்கு வயது 22. பரிசு 480 பவுன். கலர் டெலிவிஷன் வந்த புதிது. கலர்ப் பந்துகளைக் காட்ட அதைவிட நல்ல சாதனம் ஏது? 1969-லேயே பி.பி.சி. இதற்கென ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தது. இங்கிலாந்தில் ஆட்டம் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டது. பெண்களும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

1980-இல் ஷெஃபீல்ட் நகரத்துக் குரூசிபிள் தியேட்டரில் சூறாவளியும் கிரைண்டரும் இறுதிப் பந்தயத்தில் மோதினார்கள். ஹிக்கின்ஸ் 9-5 என்று முன்னால் இருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். ஜனங்கள் கை தட்டுகிறார்களே என்று இன்னும் கொஞ்சம் வேடிக்கை காட்டப் போனார். கிரைண்டர் நிதானமாக அரைத்து 18-16 என்று முடித்துவிட்டார்.

இதற்கு வட்டி போட்டு வசூல் செய்தது 1982-இல். அரை இறுதியில் எதிரே நின்றவர் லண்டன் பையன் ஜிம்மி ஒயிட், வயது 20. அவரும் அடித்து ஆடும் ஜாதி. முதலில் 16 ஆட்டம் ஜெயித்தவருக்கு வெற்றி. ஒயிட் 15, ஹிக்கின்ஸ் 14. அடுத்த ஆட்டத்திலும் ஒயிட்டுக்கு 59 புள்ளி, ஹிக்கின்ஸுக்குச் சுழி. இன்னும் சில பந்துகள் விழுந்தால் கதை முடிந்தது. அந்தச் சமயத்தில், கைக்கு எட்டாமல் கோலுக்கு முட்டுக்கொடுத்து அடிக்க வேண்டிய ஒரு சிவப்புப் பந்தை ஒயிட் தவறவிட்டார்.

ஹிக்கின்ஸ் எழுந்து வந்தார். அடுத்த சில நிமிஷங்களைப் பார்த்தவர்கள் இன்றுவரை அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மேஜையிலிருந்த எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து 69 புள்ளி எடுத்தார் என்று எழுதிவிட்டால் அது கணக்கு. ஆச்சரியம் எங்கே என்றால், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெள்ளைப் பந்து நிற்கக் கூடாத இடத்தில் போய் நின்றது. ஒவ்வொரு தடவையும், 'சரி, இதோடு தீர்ந்தது' என்றுதான் நினைக்கத் தோன்றும். மறு கணம் தூரத்துப் பந்து ஒன்று மூலைப் பையில் விழும். அதிலும் ஒரு நீலப் பந்து! அதைப் பையில் தள்ளுவதே பிரமப் பிரயத்தனம். அதோடு வெள்ளைப் பந்துக்கு ஒரு முறுக்குக் கொடுத்து, பக்கச் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சிவப்புக்கு வரும்படியும் செய்தார். புத்தியுள்ளவர்கள் யாரும் முயற்சி செய்யமாட்டார்கள். பிறகு கடைசி ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு 16-15 என்று ஜெயித்தார்.

இறுதிப் பந்தயத்தில் எதிராளி ஆறு முறை சாம்பியனான ரே ரியர்டன். 15-15 என்று சமமாக நின்ற கணக்கை அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஜெயித்து 18-15 ஆக்கினார் ஹிக்கின்ஸ். கடைசி ஆட்டத்தில் ஒரே மூச்சில் 135. பிறகு கோப்பையைக் கூடப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய, கூட்டத்திலிருந்த மனைவி லின்னையும் கைக்குழந்தை லாரனையும் வரச் சொல்லிக் கை காட்டிக் கொண்டே நின்றார். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்ட அந்தக் காட்சி, ஸ்நூக்கர் தெரியாத வீடுகளிலும் ஞாபகத்தில் தங்கிவிட்டது.

'இப்போதெல்லாம் அந்த மாதிரி அடித்து ஆடுகிறவர்கள் எங்கே?' என்று பழைய ரசிகர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. இதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். ரானி ஓ'சலிவன் 1997-இல் இதே குரூசிபிளில் அதிகபட்சமான 147 புள்ளிகளை ஐந்தரை நிமிஷத்துக்குள் எடுத்தார். வேகத்தில் ஹிக்கின்ஸ் அருகில் கூட வரமுடியாது. இன்றைய ஆட்டக்காரர்கள் பந்தைப் பையில் தள்ளுவதிலும் அவரைவிடத் தேர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய வெள்ளைப் பந்து சொன்னபடி கேட்கிறது; அடுத்த பந்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் அந்த நீலப் பந்தை அடிக்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு அநேகமாக ஏற்படுவதில்லை. ஹிக்கின்ஸின் அற்புதங்களில் பாதி, அவருடைய பிசகுகளைச் சரிக்கட்டப் பிறந்தவை.

மேஜைக்கு வெளியே ஏற்பட்ட பிசகுகளைச் சரிக்கட்ட அப்படி ஓர் அடி அவருக்குக் கிடைக்கவில்லை. குடி, கோபம், சூதாட்டம். 1985-இல் லின்னும் அவரும் பிரிந்தார்கள். 'சூறாவளி' என்று ஜனங்கள் கை தட்டினார்கள். வீட்டுக்குள் சூறாவளியை வைத்துக்கொண்டு குழந்தை வளர்ப்பது எப்படியிருக்கும் என்று அவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். 1986-இல் போட்டி அதிகாரி ஒருவரைத் தலையால் முட்டி, 12,000 பவுன் அபராதமும் ஐந்து போட்டிகளுக்குத் தடையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் உலகப் போட்டியை நடத்தியதே ஒரு சிகரெட் கம்பெனியின் பணம்தான். மேடையில் விடாமல் புகைத்த ஹிக்கின்ஸுக்குப் பிற்காலத்தில் தொண்டையில் புற்றுநோய் கண்டது.

ஜிம்மி ஒயிட்டின் கதை வேறு விதம். ஆறு முறை இறுதிப் பந்தயத்துக்கு வந்து ஆறு முறையும் தோற்றார். 1992-இல் 14-8 என்று முன்னால் இருந்தவர், ஸ்டீபன் ஹெண்ட்ரியிடம் தொடர்ந்து பத்து ஆட்டம் பறிகொடுத்தார். 1994-இல் அதே ஹெண்ட்ரியோடு 17-17. கடைசி ஆட்டத்தில், பள்ளிக்கூடப் பையன் கூடப் போடக்கூடிய ஒரு கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். அன்று அவருக்குப் பிறந்தநாள்.

2010 ஜூலை 24-இல் ஹிக்கின்ஸ் பெல்ஃபாஸ்டில் தனியாக வசித்த வீட்டில் இறந்து கிடந்தார், வயது 61. ஆகஸ்ட் 2-இல் செயிண்ட் ஆன்ஸ் தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது. குதிரை வண்டியில் ஊர்வலம், தெருவெல்லாம் ஜனங்கள். 1982-இல் அந்தச் சிவப்புப் பந்தைத் தவறவிட்ட ஜிம்மி ஒயிட்டும் வந்திருந்தார்.