கண்ணை மூடாத பிள்ளைக்கும் யோகா உண்டு

குழந்தைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்க எத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும்?

மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா சான்றளிப்பு வாரியத்தில், 'யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர்' என்ற நிலைக்கு 200 மணி நேரம். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் அமைப்பிலும் அடிப்படைப் பயிற்சி 200 மணி நேரம்தான். ஆனால், அங்கே 'குழந்தைகள் யோகா ஆசிரியர்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றால், அதற்கு மேல் தனியாக 95 மணி நேரம் படிக்க வேண்டும். நம் ஊரில் மொட்டைமாடியில் பாய் விரித்து வகுப்பு ஆரம்பிக்க இந்த இரண்டுமே கட்டாயமில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆன்லைனில் உட்கார்ந்தால் சான்றிதழ் வாட்ஸ்அப்புக்கே வந்துவிடுகிறது.

அந்தக் கூடுதல் 95 மணி நேரம் எதற்கு? பெரியவர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருவருக்குக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியாதா என்ன?

கருமத்தம்பட்டியை எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து அவிநாசி போகும் வழியில், சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். பக்கத்திலேயே சோமனூர். விசைத்தறிகளை நம்பி வாழும் வட்டாரம். இந்த ஊரில் ஒரு பெண், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட நேரத்தில் யோகா படித்து, 200 மணி நேரத்தையும் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சர்வாங்காசனத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பார். ஆசனங்களின் சமஸ்கிருதப் பெயர்கள் அத்தனையும் மனப்பாடம். சனிக்கிழமை சாயங்காலம் 15 பிள்ளைகளுடன் வகுப்பைத் தொடங்குகிறார். சின்னவளுக்கு 5 வயது, பெரியவனுக்கு 13.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. மூச்சை மட்டும் கவனிங்க."

ஒருத்தன் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். ஒருத்தி சிரிக்கிறாள், அது நாலு பேருக்குத் தொற்றுகிறது. ஒரு குழந்தை சுவரில் ஓடும் பல்லியை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு சிறுமி மட்டும் கண்ணை மூடவே மாட்டேன் என்கிறாள். பக்கத்து ஷெட்டில் தறி ஓடுகிற சத்தம் நிற்பதாக இல்லை. வாசலில் காத்திருக்கும் ஓர் அம்மா கேட்கிறார்: "ஏனுங்க மிஸ்ஸு, எம் பையன் அடுத்த வருசம் பத்தாவதுங்க. இதுக்கு வந்தா மார்க்கு கூடுமுங்களா?"

அந்த 200 மணி நேரத்தில் இதில் ஒன்றுக்கும் பதில் இருந்திருக்காது.

இத்தனைக்கும் நாம் இன்று பார்க்கும் நவீன யோகாவின் ஒரு பெரும் பகுதி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் உருவானதுதான். 1933-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. அங்கே அவர் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் துள்ளித் திரியும் வயதுப் பையன்கள். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வந்து நோஞ்சானாகிப்போன தன் மைத்துனனையும் அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் உலகமே அறிந்த பி.கே.எஸ். ஐயங்கார்தான் அந்தப் பையன்.

அந்தப் பையன்களை அவர் கண்ணை மூடி உட்காரவைத்துக் காலம் கழிக்கவில்லை. குதிக்கவைத்தார், தாவவைத்தார், ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூச்சோடு சேர்ந்து ஓடவைத்தார். வளரும் வயதுக்குச் 'சிருஷ்டி கிரமம்', நடுவயதுக்கு 'ஸ்திதி கிரமம்', முதுமைக்கு 'லய கிரமம்' என்று வயதைப் பார்த்துப் பயிற்சியைப் பிரிப்பது அவருடைய மரபு. பிள்ளைக்கு அசைவுதான் யோகா; அசையாமல் இருப்பது பிறகு தானாக வரும். 1950-களில் சென்னைக்குக் குடிவந்து, 1989-ல் நூறு வயதைக் கடந்து மறையும்வரை ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்ற கொள்கையை அவர் விடவில்லை. ஆக, பெரியவர்களின் 45 நிமிட வகுப்பை 20 நிமிடமாகச் சுருக்கி, நடுவில் ஒரு சிங்க கர்ஜனையைச் சேர்த்துவிட்டால் அது குழந்தைகள் யோகா ஆகிவிடாது.

உடம்பும் அதைத்தான் சொல்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஆறு வயதுக் குழந்தைக்குச் சும்மா இருக்கும்போதே அது 20-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். "பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கு" என்ற கட்டளை அந்த உடம்புக்கானதல்ல. எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் முற்றாதவை. குழந்தை ரப்பர் போல வளைகிறது என்பதற்காக அமுக்கி வளைக்கக் கூடாது. வளையும் என்பது வேறு, தாங்கும் என்பது வேறு.

கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளில் இன்னும் கவனம் வேண்டும். சில குழந்தைகளுக்கு 'அப்சென்ஸ்' என்ற வகை வலிப்பு இருக்கும். கை கால் வெட்டாது. சில நொடிகள் எங்கோ வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விட்ட வேலையைத் தொடரும். வீட்டில் "கனவு கண்டுட்டு உக்காந்திருக்கா" என்று திட்டுவார்கள். மருத்துவமனையில் இ.இ.ஜி எடுக்கும்போது இந்தக் குழந்தையைச் சில நிமிடங்கள் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். எதற்குத் தெரியுமா? அந்த வலிப்பை வரவழைத்துப் பார்க்கத்தான். அதே வேக மூச்சை மொட்டைமாடியில் 15 பேருக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொடுப்பவர், சேர்க்கும்போதே வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு உண்டா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டாமா?

சரி, கண்ணை மூட மாட்டேன் என்ற அந்தச் சிறுமி?

அவள் அடம் பிடிக்கிறாள் என்றே முதலில் தோன்றும். இருட்டு பயமாக இருக்கலாம். அல்லது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது கண்ணை மூடிப் படுப்பது அவளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். காரணம் கேட்டுக் குடைய வேண்டியதில்லை. "கண்ணை மூடலாம், இல்லைன்னா தரையைப் பார்த்துக்கிட்டும் இருக்கலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் போதும். தொடுவதும் அப்படித்தான். பெரியவர்கள் வகுப்பில் முதுகைத் தள்ளி, இடுப்பைத் திருப்பி ஆசனத்தைச் சரிசெய்யும் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளிடம் வாயால் சொல்லலாம், தானே செய்து காட்டலாம். தொட்டே ஆகவேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தொடலாம். "வேண்டாம் மிஸ்" என்று சொன்னால் அதோடு விட வேண்டும். தன் உடம்பைப் பற்றித் தான் 'வேண்டாம்' சொன்னால் பெரியவர்கள் நிறுத்துவார்கள் என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறதே, எந்த ஆசனத்துக்கும் குறைந்ததல்ல அது.

இன்னொன்றும் உண்டு. மனம் இளகி உட்கார்ந்திருக்கும் வகுப்பில்தான் சில குழந்தைகள் வீட்டில் சொல்லாததைச் சொல்லும். அப்படி ஒரு பாலியல் கொடுமை காதில் விழுந்தால், "குடும்ப விஷயம்" என்று ஆசிரியர் ஒதுங்க முடியாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளோடு சேர்த்து இந்த நான்கு இலக்கங்களையும் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

இனி, இப்போது எல்லோர் வாயிலும் புழங்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்'. கொங்குப் பாட்டிமார்கள் சாப்பாட்டுத் தட்டோடு ஓடும் பேரனைப் பிடித்து "நெதானமா இரு கண்ணு" என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இந்த நொடியில் நடப்பதைக் கவனித்து, உடனே பாய்ந்துவிடாமல் இருப்பது. இதை ஒரு மருத்துவப் பயிற்சியாக ஆக்கியவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கினார். கவனியுங்கள், பெரியவர்களுக்காக. அவர்களும் தாங்களாக விரும்பி வந்தவர்கள்.

இதையே பள்ளிப் பிள்ளைகளுக்கு மொத்தமாகக் கொடுத்தால்? பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைமையில் 'மிரியாட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 11 முதல் 14 வயதுவரை 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். முடிவு 2022-ல் வெளியானது. வழக்கமான பாடத்திட்டத்தைவிட மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதலாக உதவியதாகத் தெரியவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவேயில்லை. ஏற்கெனவே மனச்சிக்கலோடு இருந்த சிலருக்கு நிலைமை கொஞ்சம் மோசமானதற்கான அறிகுறிகூடத் தெரிந்தது.

ஆனால், அதே ஆய்வில் வேறொன்று நடந்தது. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக முதலில் தாங்கள் பயிற்சி எடுத்துக்கொண்ட ஆசிரியர்களுக்குச் சோர்வு குறைந்தது. பள்ளியின் சூழலும் கொஞ்சம் இதமானது. வெகுநாள் நீடித்த பலன் என்று சொல்ல முடியாவிட்டாலும், பலன் அங்கேதான் தெரிந்தது. மருந்து பிள்ளைக்கு, குணமானது டீச்சருக்கு!

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கத்தாத ஓர் ஆசிரியரின் அறையில் ஒரு மணி நேரம் இருப்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். அதனால்தான், பயிற்சிக்குச் சேர்பவர் முதலில் தனக்காகச் செய்ய வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது. கொங்கு மண்ணில் இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அறிவுத்திருக்கோயிலை அமைத்த வேதாத்திரி மகரிஷி, 1911-ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறி ஓட்டி, துணி வியாபாரம் செய்து, குடும்பம் நடத்திக்கொண்டே தன் பயிற்சிகளை உருவாக்கினார். அவருடைய மனவளக்கலையில் எளிய உடற்பயிற்சி, தவம் ஆகியவற்றோடு அகத்தாய்வும் உண்டு. சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று ஆள் தன்னைத்தானே உட்கார்ந்து ஆராய வேண்டிய பாடங்கள். சொந்தப் பிள்ளை பால் டம்ளரைக் கொட்டியபோது தான் எப்படிக் கத்தினோம் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்தவருக்கு, அடுத்தவர் பிள்ளை வகுப்பில் சிரிக்கும்போது கை ஓங்காது.

மதம் என்ற கேள்வியும் வரும். கருமத்தம்பட்டியில் பழமையான ஜெபமாலை அன்னை ஆலயம் இருக்கிறது. தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழும் ஊர். வகுப்பில் ஓம் சொல்லச் சொன்னால் சில வீடுகளில் முகம் சுருங்கலாம். கலிஃபோர்னியாவின் என்சினிடாஸ் ஊரில் இதே விஷயம் நீதிமன்றம்வரை போனது. கிருஷ்ணமாச்சார்யாவின் மாணவர் பட்டாபி ஜோயிஸ் பெயரிலான அறக்கட்டளையின் நிதியில் அங்கே அரசுப் பள்ளிகளில் யோகா நடந்தது. அது மதப் பிரசாரம் என்று சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2013-ல் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு. 2015-ல் மேல்முறையீட்டிலும் அதுவே. பள்ளி நிர்வாகம் சமஸ்கிருதப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, பத்மாசனத்துக்குக்கூட அங்குள்ள பிள்ளைகள் சம்மணம் போடுவதைச் சொல்லும் விளையாட்டுப் பெயரை வைத்திருந்தது அதற்கு உதவியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். என்ன சொல்லப்போகிறோம், என்ன செய்யப்போகிறோம் என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை இல்லை. ஓம் வேண்டாத வீட்டுப் பிள்ளை தேனீ மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்யட்டும். மூச்சு நீளமாக வெளியே போவதுதான் அங்கே காரியம்.

தறிச் சத்தத்தையும் விரட்ட வேண்டியதில்லை. அமைதியான மலையடிவாரத்தில் எடுத்த பயிற்சியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், தறி ஓர் இடைஞ்சல்தான். கொஞ்சம் மாற்றி யோசித்தால் அதுவே பாடம். "எத்தனை தறி ஓடுதுன்னு கேளுங்க. எது கிட்டக்க, எது தூரத்துல?" என்று கேட்டால் 15 பேரும் கப்சிப். கண்ணை மூடச் சொல்லாமலே பாதிப்பேர் மூடிக்கொள்வார்கள். கரன்ட் போய்த் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும்போது, கடைசிச் சத்தம் எப்போது அடங்குகிறது என்று கை தூக்கச் சொல்லலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து, மூச்சில் அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். 13 வயதுப் பையனிடம் பொம்மையை நீட்டினால் அடுத்த வாரம் வர மாட்டான். அவனை வேண்டுமானால் சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையில் போடலாம். பீகாரின் முங்கேர் யோகப் பள்ளியில் 1995-ல் தொடங்கிய 'பால யோக மித்ர மண்டல்' இப்படித்தான் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறது.

மார்க் கேட்ட அம்மாவுக்கு நேர்மையான பதில், "அதுக்கு நான் உறுதி சொல்ல முடியாதுங்க" என்பதுதான். பையனுக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரலாம், பரீட்சை ஹாலில் கை நடுங்கும்போது ஒரு நீண்ட மூச்சு ஞாபகம் வரலாம். அதற்கு மேல் நோட்டீஸில் அச்சடித்தால் அது வியாபாரம்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், நல்ல விஷயம். சேரும் முன் பயிற்சி நிலையத்தில் கேட்கச் சில கேள்விகள் உண்டு. வயதுவாரியாகப் பாடம் பிரித்திருக்கிறீர்களா? எந்தக் குழந்தைக்கு எதைச் செய்யக் கூடாது என்று சொல்லித்தருவீர்களா? குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பாடத்தில் இருக்கிறதா? முக்கியமாக, பயிற்சிக் காலத்தில் நிஜமான பிள்ளைகள் முன்னால் எத்தனை வகுப்பு எடுக்கவிடுவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் கிடைப்பது, "நீங்களே உங்களுக்குள்ள குழந்தை மாதிரி நடிச்சுப் பழகிக்கலாம்" என்ற பதில். முப்பது வயதுக்காரர்கள் குழந்தை மாதிரி நடித்தால் யாரும் பல்லியை எண்ண மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பணம் கட்டுவதற்கு முன்பு, பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி கேட்டு ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். செலவும் இல்லை.