நட்டவள் ஒருத்தி



ஆப்பிள் என்றதும் கடித்துச் சுவைக்கும் கனியே நம் நினைவில் எழும். இங்கிலாந்து இல்லங்களிலோ சமையலுக்கென்றே ஓர் ஆப்பிள் உண்டு. பிராம்லி என்பது அதன் பெயர். பச்சை நிறம், பருத்த உருவம், பல் கூசும் புளிப்பு. சிறிது நீர் விட்டு அடுப்பிலேற்றினால் விரைவில் குழைந்து நுரைபோல் பொங்கிவிடும். புளிப்பு மட்டும் குன்றாது. இனிப்பு ஆப்பிள்கள் வெந்ததும் சுவை மழுங்கிவிடும். இதுவோ சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும். மாவுறைக்குள் இட்டுச் சுடும் 'பை' என்னும் பலகாரத்திற்கு அந்நாட்டுத் தாய்மார் இதனை நாடுவது இக்காரணத்தாலேயே.

நாட்டிங்காம் அருகே சவுத்வெல் என்னும் சிற்றூரில், 1809-ஆம் ஆண்டு, மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்னும் இளநங்கை ஊன்றிய விதையில் முளைத்ததே இதன் தாய்மரம். 1846-இல் அவ்வீட்டை மாத்யூ பிராம்லி என்ற இறைச்சி வணிகர் வாங்கினார். 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்னும் இளைஞர் ஒட்டுக்கட்டுவதற்குக் கொம்பு கேட்டு வந்தபோது, கனிக்குத் தம் பெயரையே சூட்டவேண்டும் என்ற நிபந்தனையுடன் பிராம்லி இசைந்தார். நட்டவள் பெயர் விடுபட்டது!

இது நமக்கு உறுத்தலாகவே உள்ளது. ஆயினும் அவ்வணிகரை முற்றும் பழிக்கவும் மனம் வரவில்லை. ஆப்பிளின் விதை தாயைப்போல் கனி தருவதில்லை. ஒட்டு ஒன்றே வழி. அவர் கொம்பு தர மறுத்திருந்தால் அக்கனி அத்தோட்டத்தோடு முடிந்திருக்கும். இன்று எங்கு பிராம்லி மரம் நின்றாலும் அது அந்த ஒரே மரத்தின் உடலே.

வளர்ப்பதற்கு இதனைவிட அடம்பிடிக்கும் மரம் அரிது. பெரிதாகப் படரும், இடம் அகலமாக வேண்டும். அதன் மகரந்தம் பிற மரங்களுக்குப் பயன்படாது. ஆகவே அருகில் ஒரே காலத்தில் பூக்கும் வேறு இரு வகை ஆப்பிள்கள் இருத்தல் நலம். அவை ஒன்றுக்கொன்று துணையாகி, பிராம்லியையும் காய்க்கச் செய்யும். அக்டோபரில் பறித்து, அடிபட்டவற்றை நீக்கி, ஒன்றோடொன்று உரசாமல் குளிர்ந்த அறையில் அடுக்கினால் இளவேனில் வரையிலும் சமைக்கலாம். அழுகிய ஒன்றை விட்டுவைத்தால் மற்றவையும் கெடும்.

தாய்மரம் 1900-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. கிடந்த நிலையிலேயே மீண்டும் வேரூன்றித் தளிர்த்துக் காய்த்தது. பின்னாளில் பூசணநோய் அதனைப் பற்றியது, அந்நோய்க்கு மருந்தில்லை. நாட்டிங்காம் பல்கலைக்கழக அறிஞர்கள் அதன் திசுவினின்று இளங்கன்றுகளை வளர்த்தெடுத்தனர். அவற்றுக்கும் பிராம்லி என்றே பெயர்.