‘பசிக்கல மச்சி’ன்னு சொல்றவனுக்கு ஒரு மாங்காய் சாம்பார்!

சாப்பிட்டாச்சா?

‘ஆச்சு’ன்னு தலையாட்டுறவங்க எல்லாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க... டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்குல வருமா? வராது பாஸ்!

தமிழ்க் கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதாவது, வசந்த காலம். மதுரையிலயோ வேலூர்லயோ நின்னுக்கிட்டு இதைச் சொன்னா, வெயிலே விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனா, மார்க்கெட் பக்கம் போய்ப் பார்த்தா வசந்தம் நிஜமாவே வந்திருக்கும். கட்டுக் கட்டா முருங்கைக்காய், கூடை கூடையா கிளிமூக்கு மாங்காய், பிஞ்சு வெள்ளரி. சீஸன் காய்னா ரெண்டு லாபம். வரத்து அதிகம், அதனால விலை கம்மி. பறிச்சு ரொம்ப நேரம் ஆகியிருக்காது, அதனால ருசி அதிகம். பர்ஸ் காலியா இருக்கிற மாசக் கடைசிக்கு இதைவிட நல்ல செய்தி ஏது?

ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவங்களுக்குத்தான் இந்த வாரம். (ஹாஸ்டல் மக்கள் ரூமுக்குள்ள திருட்டுத்தனமா காயில் ஹீட்டர் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஷாக் அடிக்கும். வார்டன் அதைவிட மோசமா அடிப்பார்!)

சமையலுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

நான் படிச்சப்போ ரூம்ல நாங்க அஞ்சு பேர். மூணாவது வருஷம் திடீர்னு ஒருத்தன் ராத்திரி சாப்பிட வர்றதை நிறுத்திட்டான். ‘வாடா, மெஸ்ஸுக்குப் போலாம்’னா, ‘பசிக்கல மச்சி, நீங்க போங்க’ம்பான். நாங்களும், ‘டயட் இருக்கான்டா... ஹீரோ ஆகப் போறான்’னு ஓட்டிக்கிட்டே இருந்தோம். ஒருநாள் லேப்ல நின்னுக்கிட்டு இருந்தவன் அப்படியே சரிஞ்சு விழுந்துட்டான். அப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு. அவங்க அப்பாவுக்குத் தறி வேலை. பல மாசமா வேலை சரியா இல்லை. செமஸ்டர் ஃபீஸுக்காக இவன் ராத்திரி சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிச்சிருக்கான்.

‘நாங்க தர்றோம்டா’ன்னோம். முகம் கறுத்துப் போச்சு. ‘வேணாம்’னு ஒரே வார்த்தை. ரெண்டு நாள் எங்களோட பேசவே இல்லை.

மூணாவது நாள், ரூம்ல இருந்த இன்னொருத்தன் ஒரு சின்ன குக்கரைத் தூக்கிட்டு வந்தான். ‘மெஸ் சாப்பாடு நாக்குல வைக்க முடியலடா. நாமளே சமைப்போம். காசு எல்லாரும் போடணும். ஆனா, சமைக்கிறவன் போட வேணாம். யாருக்குடா சமைக்கத் தெரியும்?’னு கேட்டான். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவன்தான் மெதுவா கை தூக்கினான். அம்மாவும் தறி வேலைக்குப் போறதால, எட்டாவது படிக்கும்போதிலிருந்து வீட்ல குழம்பு வைக்கிறது அவன்தானாம். அன்னிக்கு ராத்திரி அவன் வெச்சதுதான் இந்த மாங்காய் சாம்பார். நாலு பேரும் பாத்திரத்தை வழிச்சுச் சாப்பிட்டோம். அவனும் சாப்பிட்டான். ரெண்டு தடவை கேட்டு வாங்கி!

சரி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு பையை எடுங்க. கடைக்குப் போலாம்.

வாங்குறதுல இருக்கு விஷயம்

உங்க ஊர்ல உழவர் சந்தை இருந்தா, காலையில சீக்கிரமா போங்க. 1999 நவம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம் இது. விவசாயிகளே நேரா விக்கிற இடம். அன்னிக்கு என்ன விலைன்னு போர்டுலயே எழுதிப் போட்டிருப்பாங்க. பேரம் பேசத் தெரியாத அப்பாவிகளுக்கு வசதி!

முருங்கைக்காயைக் கையில எடுத்து லேசா முறுக்கிப் பாருங்க. வளைஞ்சு கொடுத்தா இளசு. விறைப்பா இருந்து, விதை மேல புடைச்சுத் தெரிஞ்சா முத்தல். வெள்ளரி அழுத்தினா அமுங்கக் கூடாது. கீரையில மஞ்சள் இலை இருந்தா வேற கட்டுக்குக் கை நீட்டுங்க.

ஒரு காலேஜ் நியூஸ்: முருங்கையில பி.கே.எம்.-1னு ஒரு பிரபலமான ரகம் இருக்கு. பி.கே.எம்.னா பெரியகுளம். அங்கே இருக்கிற தோட்டக்கலைக் கல்லூரியில உருவாக்கின ரகம். விதை போட்ட ஆறேழு மாசத்துல காய்க்க ஆரம்பிச்சிடும். காலேஜ்ல இப்படியும் உருப்படியா ஏதாவது பண்ணலாம் பாஸ்!

முருங்கை - மாங்காய் சாம்பார் (4 பேருக்கு)

முக்கால் கப் துவரம்பருப்பைக் கழுவி, ரெண்டேகால் கப் தண்ணி, கொஞ்சம் மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு குக்கர்ல நாலு விசில் விடுங்க. விசில் தானா அடங்குற வரைக்கும் மூடியோட மல்லுக்கட்டக் கூடாது. அப்புறம் பருப்பைக் கரண்டியால மசிச்சிடுங்க.

இன்னொரு பாத்திரத்துல எண்ணெய் காயவெச்சு, கடுகு வெடிச்சதும் ரெண்டு காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை, பத்துப் பதினஞ்சு சின்ன வெங்காயம், ஒரு தக்காளி போட்டு வதக்குங்க. விரல் நீளத்துக்கு நறுக்கின ரெண்டு முருங்கைக்காய், ரெண்டு ஸ்பூன் சாம்பார் பொடி, உப்பு, காய் மூழ்குற அளவு தண்ணி. பத்து நிமிஷம் மூடி வேகவிடுங்க. காய் வெந்ததும் ஒரு மாங்காயைத் துண்டு போட்டுச் சேர்த்து அஞ்சு நிமிஷம். கடைசியா பருப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். ஒரு கொதி வந்ததும் இறக்கிடுங்க.

புளியே இல்லையேன்னு முழிக்காதீங்க. அந்த வேலையை மாங்காய் பார்த்துக்கும். மாங்காயைக் கடைசியில போடுறதுக்கும் காரணம் இருக்கு. புளிப்பு முதல்லயே சேர்ந்துட்டா, பருப்பும் காயும் லேசுல வேகாது. எங்க ரூம் செஃப் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது!

மாங்காய் சாதம் (2 பேருக்கு)

பரீட்சை நேரத்து ஃப்ரெண்ட். ஒரு கப் அரிசியை உதிரியா வடிச்சு ஆறவிடுங்க. ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ரெண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, மஞ்சள்தூள், உப்பு போட்டு, துருவின மாங்காய் பாதியைப் போடுங்க. ரெண்டே நிமிஷம் வதக்கினா போதும். சாதத்தைக் கொட்டிக் கிளறுங்க. புளிப்பு பத்தலைன்னா மீதி மாங்காயையும் சேர்த்துக்கலாம். (அதிகமாப் போட்டுட்டா திருப்பி எடுக்க முடியாது. அரியர் மாதிரி!)

ஆறின சாதம்னா, நேத்து ராத்திரி வெளியிலயே கிடந்த சாதம் இல்லை. இந்த வெயில்ல அது வயித்தைப் பதம் பார்த்துடும். மிஞ்சினா ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஃப்ரிட்ஜ் இல்லைன்னா, உடனே தண்ணி ஊத்தி வெச்சுக் காலையில பழைய சோறா சாப்பிடுங்க.

கீரைக் கடைசல் (2 பேருக்கு)

சிறுகீரையோ அரைக்கீரையோ ஒரு கட்டு. அகலமான பாத்திரத்துல நிறையத் தண்ணி விட்டு அலசுங்க. மண்ணெல்லாம் அடியில தங்கும். அதனால தண்ணியைக் கீரையோட சாய்ச்சு வடிக்காதீங்க. கீரையைக் கையால மேலே தூக்கி எடுங்க. மூணு தடவை இப்படிச் செஞ்சா பல்லுல மண் கடிபடாது.

கால் கப் பாசிப்பருப்பை ஒரு கப் தண்ணியில வேகவெச்சு, அது முக்கால்வாசி வெந்ததும் நறுக்கின கீரை, நாலு பல் பூண்டு, ரெண்டு பச்சை மிளகாய் போட்டு, மூடாம ஏழெட்டு நிமிஷம் வேகவிடுங்க. உப்பைக் கடைசியில போடுங்க. வெந்தப்புறம் கீரை ஒரு கைப்பிடியா சுருங்கிடும். முதல்லயே போட்டா அளவு தெரியாம உப்புமலை ஆயிடும். மத்து இல்லையா? டம்ளரோட அடிப்பக்கம் எதுக்கு இருக்கு? நசுக்குங்க!

அடுப்பே வேணாம்!

பிஞ்சு வெள்ளரியைப் பொடியா நறுக்கி, தயிர், பச்சை மிளகாய், கொத்தமல்லி கலந்தா பச்சடி ரெடி. உப்பை மட்டும் தட்டுல உக்காரும்போது போடுங்க. முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கிட்டு மோராயிடும்.

அவ்வளவுதான் மேட்டர்!

எங்க செஃப் அந்த வருஷம் ஃபீஸும் கட்டினான், பாஸும் பண்ணினான். இப்ப நல்ல வேலையில இருக்கான். போன மாசம் போன்ல பேசினப்போ, ‘சமைக்கிறவன் காசு போட வேணாம்னு நீங்க ரூல் போட்டது எதுக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா’ன்னான். ‘அப்புறம் ஏன்டா கை தூக்கினே?’ன்னு கேட்டேன். ‘சும்மா சாப்பிடல, சமைச்சுத்தானே சாப்பிட்டேன்’னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

உங்க ரூம்லயும் ‘பசிக்கல மச்சி’ன்னு சொல்றவன் ஒருத்தன் இருக்கலாம். லேடீஸ் ரூம்ல ‘நான் அப்பவே சாப்பிட்டேன்டி’ன்னு சொல்ற தோழி இருக்கலாம். காசை நீட்டாதீங்க. கையில ஒரு கத்தியையும் நாலு வெங்காயத்தையும் கொடுத்து, ‘சீக்கிரம் நறுக்கு, பசிக்குது’ன்னு சொல்லுங்க. மீதி வேலையை சாம்பார் வாசனை பார்த்துக்கும்.

அடுத்த வாரம், நாலே நாலு முட்டையை வெச்சு ஒரு ரூமையே எப்படிச் சமாளிக்கிறதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும்... பாத்திரத்தை ஊறப் போடாம உடனே கழுவிடுங்க மக்களே!