இரவல் டிகிரிகள்

டர்போ பெட்ரோல் காரில் மெத்தனால் ஸ்பிரே பொருத்தியதும் நாக்கிங் அடங்கிவிடுகிறது. உடனே கை டைமிங் டேபிளுக்குப் போகிறது: இரண்டு டிகிரி, மறுபடி இரண்டு, அப்புறம் இன்னும் ஒன்று. மதுரை வட்டாரத்தில் டர்போ கார்களில் கைவைக்கும் பட்டறைக்காரர்கள் எல்லோரிடமும் இந்த இதழில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆல்கஹால் தரும் டிகிரிகள் இரவல். ஸ்பிரே ஓடும்வரைதான் அவை நம்முடையவை; நின்ற கணமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத மேப்பை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது.

இந்த ஊருக்கு ஸ்பிரேயின் தேவை உண்டு என்பதை மறுக்கவில்லை. கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. 42 டிகிரிக் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் வெளியே வரும். தை மாத விடியலில் 22 டிகிரிக் காற்றுக்கு இதே கணக்கு சுமார் 115 டிகிரி. கப்பலூர் டோல்கேட்டில் வரிசையில் நின்று கிளம்பும் காரின் இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கும். அங்கேதான் ஸ்பிரே கைகொடுக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாவதற்குச் சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மெத்தனால் 1,100 எடுக்கும், தண்ணீர் 2,250. சரிபாதி கலந்த நீரும் மெத்தனாலும் காற்றைக் குளிர்விப்பதோடு ஆக்டேனையும் உயர்த்துகின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பூஸ்டில் பெட்ரோல் மட்டும் எரியும்போது பெரும்பாலும் டார்க் உச்சத்தைத் தொடும் முன்பே நாக்கிங் வந்து நம்மைத் தடுத்துவிடும். அதனால் காதையும் நாக் சென்சாரையும் நம்பி வேலை செய்து பழகிவிட்டோம். ஸ்பிரே தாராளமாக ஓடும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. டார்க் உச்சத்தைக் கடந்து அட்வான்ஸ் ஏறிக்கொண்டே போகும். எச்சரிக்கும் சத்தம் மட்டும் வராது. பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே அழுத்தம் அதன் தலையில் இறங்கும். கனெக்டிங் ராடு பேரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் ரிங் பள்ளங்களும் அதைத் தாங்கியாக வேண்டும். நாக்கிங் கேட்கவில்லை என்பதற்காக டைமிங் சரி என்று ஆகிவிடாது.

ஆகவே டைமிங்கை முடிவு செய்ய வேண்டியது டார்க். டைனோவில் ஒரே கியர், ஒரே பூஸ்ட், ஒத்த காற்றுச்சூடு என வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். கூட்டிய டிகிரிக்கு டார்க் கூடாத இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். முழு லோடில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் அரிக்கத் தொடங்கிவிட்டது. லாக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அன்றைக்கு வேலையை அதோடு நிறுத்துங்கள்.

எரிபொருள் மாறினால் தீப்பொறியின் நேரமும் மாறும் என்பதை மதுரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் உருவாக்கி, கரி வாயுவில் வண்டி ஓட்டிய ஊர் இது. கரி வாயு மெதுவாக எரியும். அதற்கு அட்வான்ஸ் கூடுதலாக வேண்டும். ஸ்பிரேயில் தண்ணீரின் பங்கைக் கூட்டினாலும் எரிதல் மந்தமாகும். கலவை விகிதத்தை மாற்றினால் டைமிங்கையும் புதிதாகப் பார்க்க வேண்டும். இப்போது பங்கில் வாங்கும் பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால். அதன் ஆக்டேன் தரம் பழைய 91-க்குப் பதில் 95. காற்றுக்கலவை விகிதம் 14.7-க்குப் பதில் ஏறக்குறைய 13.5. முதலில் ஸ்பிரே இல்லாமல், மத்தியான வெயிலில், பங்குப் பெட்ரோலிலேயே நாக்கிங் இல்லாத அடிப்படை மேப்பை உருவாக்குங்கள். ஸ்பிரே மேப் அதற்கு மேல்தான்.

ஸ்பிரே நின்றால் என்ன ஆகும்? மெத்தனாலும் எரிபொருள்தான் என்பதால் அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் குறைத்திருப்போம். எனவே கலவை வறண்டு, காற்று சூடேறி, டைமிங் மட்டும் முன்னே நிற்கும். மூன்றும் ஒரே நொடியில் நேரும். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காருக்கு நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தேவைப்பட்டது. பலர் அதை நிரப்ப மறந்தார்கள். நல்லவேளையாக, திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு அதில் இருந்தது. நீர் தெளிப்போடு 2016-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். காரும் தண்ணீர் தீர்ந்தால் பூஸ்டையும் டைமிங்கையும் தானே குறைத்துக்கொள்ளும். நாம் பொருத்தும் கிட்டுக்கும் இதே நெறி வேண்டும். பம்பு ஓடுகிறதா என்று காட்டும் விளக்கு போதாது. நாசிலுக்கு அருகே ஃப்ளோ சென்சார் வைத்து, அது இ.சி.யூ.வுக்குச் சொல்லி, டைமிங்கும் பூஸ்டும் உடனே இறங்க வேண்டும். கலவைக்கு போர்வெல் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். நம் பகுதியின் உப்புத் தண்ணீர் காய்ந்து நாசில் துளையில் காரையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

மெத்தனாலை வைத்திருப்பதே பெரும் பொறுப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத கேனுக்குப் பட்டறையில் இடமில்லை. குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது கொலைக்குச் சமம். 30 மில்லியே உயிரைப் பறிக்கக்கூடும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. உரிமம் கிடைக்காதவர்கள் வெறும் டிஸ்டில்டு வாட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். நாக்கிங்கைத் தணிப்பதில் தண்ணீருக்கும் பெரும் பங்கு உண்டு.

இனி காரை ஒப்படைக்கும்போது மூன்று லாக்குகளை வாடிக்கையாளரிடம் கொடுங்கள். ஸ்பிரேயோடு ஓடியது ஒன்று. ஸ்பிரே இல்லாமல் அடிப்படை மேப்பில் ஓடியது ஒன்று. மூன்றாவது, குறைந்த பூஸ்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயை வேண்டுமென்றே அடைத்து, டைமிங் இறங்குவதைப் பதிவு செய்தது. ரிங் ரோட்டிலோ நத்தம் மேம்பாலத்திலோ இந்தச் சோதனை கூடாது. டைனோவில் மட்டுமே செய்ய வேண்டும். முதல் இரண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்றாவது கையில் இல்லாத வரை அந்த வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.