பூட்ட வேண்டியது எதை?

வதந்திக்குக் கால் முளைத்தது முகநூல் வந்த பின்னரே என்று கொழும்பிலே சொல்லப்படுகின்றது. ஆள்வோருக்கு மிக வசதியான கதை! 1958-இல் முகநூல் எங்கே இருந்தது என்று நாம் கேட்கின்றோம்.

மட்டக்களப்பில் படிப்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரைத் தமிழர் வதைத்துக் கொன்றனர் என்ற பொய் அவ்வாண்டு வாய்வழியே பரவிற்று. பாணந்துறையில் இந்துக் குருக்கள் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அப்படியோர் ஆசிரியை மட்டக்களப்பில் இருக்கவேயில்லை. மே 22-இல் பொலன்னறுவையில் தொடங்கிய வன்செயலுக்கு, அதன்பின் கிழக்கில் நிகழ்ந்த கொலையொன்றைக் காரணமாக 26-ந் திகதி வானொலியிற் கூறியவர் பிரதமர் பண்டாரநாயக்கா. 1977-இல் யாழ்ப்பாணம் நாக விகாரை அழிக்கப்பட்டதென்ற பொய்யைச் சுமந்து சென்றது பொலிசாரின் வானொலிச் செய்தி. தெருவிற் பிறந்த பொய்க்கு அரசின் குரலே வாகனமாயிற்று.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததை நம் வாசகர்கள் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். முஸ்லிம் உணவுக்கடை ஒன்றிலே கறியிற் கிடந்த மாக்கட்டியை மலடாக்கும் மாத்திரை என்றது ஒரு கூட்டம். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், கேள்வி விளங்காமலே, “ஓம், போட்டோம்” என்ற பொருள்படத் தடுமாறினார். அத்தடுமாற்றம் படமாக்கப்பட்டு, வாக்குமூலம் என்ற பெயரில் முகநூலிற் பறந்தது. வந்த படத்தை எவரும் ஆராயவில்லை. அனுப்பியவர் மைத்துனர், நண்பர், ஊரவர் என்பதே போதுமாயிருந்தது. அது வெறும் மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அவ்வறிக்கையை எத்தனை மைத்துனர்கள் அனுப்பினர்?

மார்ச்சில் திகன எரிந்தது. 7-ந் திகதி அரசாங்கம் முகநூலைப் பூட்டியது. சுற்றுவழியை இளைஞர் அன்றே கண்டுகொண்டனர். சிங்களத்தில் எழுதப்பட்ட நஞ்சை இனங்காணப் போதிய ஆட்களை வைத்திராத அந்நிறுவனமோ 2020-இல்தான் வருத்தந் தெரிவித்தது. நாமும் சுத்தர்களல்லர், முஸ்லிம்களைப் பற்றிய பொய்கள் நம்மவர் கைபேசிகளிலும் தாராளமாகவே உலாவுகின்றன.

2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1958-இல் இச்சட்டம் இருந்திருப்பின் பிரதமரின் வானொலிப் பேச்சை அந்த ஆணைக்குழு திருத்தியிருக்குமோ?

பூட்டுகளை நாம் கேட்கவில்லை. வதந்தி எழுந்த சில மணி நேரத்துக்குள் உண்மையை இரு மொழிகளிலும் அறிவிக்கும் கடமையைப் பொலிஸ் நிலையங்கள் மீதும் பிரதேச செயலகங்கள் மீதும் சுமத்துக. தமிழ் பேசுவோர் வாழும் இடங்களில் தமிழறிந்த அலுவலரை இருத்துக. அம்பாறைக் கடையிலே அன்றிரவு, அந்த மனிதரிடம் அதே கேள்வியைத் தமிழிற் கேட்க ஒருவரேனும் இருந்தாரா?