பயணத்துக்குப் பூனை ஆகாதா?



வெளியே புறப்படும் வேளையில் பூனை குறுக்கே வந்தால், போகும் காரியம் கைகூடாது என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். பயணத்துக்கும் பூனைக்கும் ஆகாது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றி விட்டது. அதனாலோ என்னவோ, வீடு மாறும்போது அம்மி முதல் சாமிப்படம் வரை அனைத்தையும் லோரியில் ஏற்றும் நாம், பூனையை மட்டும் விட்டுச் செல்கின்றோம். இது முறையாகுமா?

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நினைவு தெரிந்த நாள்முதல் எங்கள் வீட்டில் பூனை இல்லாத காலமில்லை. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காத்ததும் அதுதான். இரவில் என் காலடியில் உறங்கியதும் அதுதான். எனக்கு ஏழு வயதானபோது நாங்கள் வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தோம். “நாய் மனிதரைப் பற்றும், பூனை வீட்டைத்தான் பற்றும். அது இங்கேயே இருக்கட்டும்” என்றார் அப்பா. லோரி புறப்பட்டது. பூனை வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பத்து நாள்கள் கழித்து, எஞ்சிய பொருள்களை எடுத்துவர அப்பாவுடன் சென்றேன். பூட்டிய கதவின் முன், அதே படியில், எலும்பும் தோலுமாய் அது அமர்ந்திருந்தது. என் குரலைக் கேட்டதும் தள்ளாடி ஓடி வந்து காலைச் சுற்றியது. அது பற்றியிருந்தது வீட்டையன்று, வீட்டிலிருந்த எங்களை! அப்பா ஒன்றும் பேசவில்லை. மூங்கில் கூடையில் அதை வைத்துச் சைக்கிளில் கட்டினார். அன்றுமுதல் நான் எத்தனை வீடு மாறினாலும் என் பூனையும் உடன் வந்திருக்கிறது.

பூனை பயணத்துக்கு ஏற்றதன்று என்போர் டிரிம் என்னும் பூனையின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1799-ஆம் ஆண்டில், நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலில் அது பிறந்தது. குட்டியாய் இருந்தபோது கடலில் தவறி விழுந்தும், நீந்தி வந்து கயிற்றைப் பற்றி மேலேறியதாம். மாலுமி மேத்யூ பிளிண்டர்ஸ் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து அதன் கரையோரத்தை வரைந்தபோது டிரிமும் உடன் சென்றது. பின்னர் மொரிசியசுத் தீவில் பிளிண்டர்ஸ் சிறைப்பட்ட காலத்தில், 1804-ஆம் ஆண்டில், அது காணாமற் போயிற்று. அந்தப் பிரிவைத் தாளாது அவர் அதன் வரலாற்றையே எழுதி வைத்தார். இன்று சிட்னி நகரிலுள்ள மாநில நூலகத்தில், பிளிண்டர்ஸ் சிலைக்குப் பின்னுள்ள சன்னல் திண்ணையில் டிரிமின் வெண்கலச் சிலை நிற்கின்றது. கப்பலோட்டிகள் பூனையை அபசகுனமாகக் கருதியிருந்தால், அவர்தம் உணவை எலிகளன்றோ தின்று தீர்த்திருக்கும்!

நம் டெங்கில் வட்டாரம் இடப்பெயர்வின் வலியை நன்கறிந்தது. 1990-ஆம் ஆண்டுகளில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது, பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். வேரோடு பெயர்வது எத்தகையது என்பதை அறிந்த நாமே, வாயில்லா உயிரை வாசலில் விட்டுப் போகலாமா? சந்தை ஓரத்திலும் பள்ளி வாசலிலும் கொண்டு விடுவதும் கைவிடுதலே. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்கீழ், விலங்குகளை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

“சிறிய வீட்டில் எப்படி வளர்ப்பது?” என்பர் சிலர். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. இயலாதவர்கள், அன்புடன் ஏற்பவர் கையில் ஒப்படைக்கட்டும். குட்டிகள் பெருகுமென அஞ்சுவோர் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்விக்கலாம். அழைத்துச் செல்வதும் அரிதன்று. காற்றோட்டமான, மூடியுள்ள கூடையில் அது படுத்த பழைய துணியை விரியுங்கள். பழகிய மணம் அச்சத்தைத் தணிக்கும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாது வைத்திருங்கள். பிறகு அது தன் வீட்டைத் தானே அறிந்துகொள்ளும்.

மாணவர்களே! பெரியோர்க்கு வீடு மாறும் நாளில் ஆயிரம் வேலை, அவர்கள் மறந்துவிடலாம். நீங்கள் மறவாதீர்கள். லோரி புறப்படுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “அப்பா, பூனை எங்கே?”

அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அது.